உள்ளே வராதவள் வெளியே போன கதை

அந்த மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் காற்று இலவசமாக வீசிக்கொண்டிருந்தது என்பதை எழில் வாரியம் மறுக்கவில்லை. அது முந்தைய நிர்வாகத்தின் குறைபாடு என்று மட்டும் சொல்கிறது. முந்தைய நிர்வாகம் என்று ஒன்று எப்போது இருந்தது என்று கேட்டால், இல்லாமல் போனதுதான் குறைபாடு என்கிறது.

முழுப்பெயர் கிராமப்புற எழில் பராமரிப்பு வாரியம். அது ஒன்றும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. கேட்டு வாங்கியதுதான். கேட்டவள் அக்கா.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மலைக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில், பிறந்த வீட்டிலேயே இரண்டு மாடுகளோடு இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. லீவு நாள் வந்தால் நகரத்துக் கார்கள் வரிசையாக வந்து அவள் மாட்டுக்கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவார்கள். மாடுகள் சாயங்காலம் வரை கொட்டகைக்குள்ளேயே நின்று கத்தும். ஒருநாள் ஒரு குடும்பம் ஓடைக்குள் காரை இறக்கிக் கழுவியதைப் பார்த்த பிறகு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். வந்து போகிறவர்கள் வண்டி நிறுத்த ஒரு தனி இடம் வேண்டும், அதற்கு ஒரு சிறு கட்டணமும் வாங்கலாம், அந்தப் பணத்தில் குப்பையை அள்ளலாம் என்று எழுதினாள். அங்கே இருந்த பதினோரு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு சொல் கூட அதிகம் இல்லாத, நியாயமான மனு. அரசாங்கம் அதை அக்கறையோடு வாங்கி, ‘கட்டணம்’ என்ற சொல் வரைக்கும் படித்தது.

இரண்டே வருஷத்தில் மலை, ஓடை, பதினோரு வீடுகள் எல்லாவற்றையும் சேர்த்து வளைத்துக் கம்பிவேலி வந்தது. ஒரே ஒரு கேட் வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் முப்பது நாற்காலி போட்ட அலுவலகம் வந்தது. திறப்புவிழா அன்று வாரியத் தலைவர் ரிப்பன் வெட்டும்போது கைதட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று உள்ளே இருந்தவர்களை எல்லாம் கேட்டுக்கு வெளியே கூட்டிவந்து நிறுத்தினார்கள். பத்து வீட்டு ஆட்களும் போய்க் கைதட்டினார்கள். திரும்பி உள்ளே நுழையும்போது ஆளுக்கொரு இலவச நுழைவுச்சீட்டு கொடுத்தார்கள். எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

அக்கா மட்டும் போகவில்லை. புதுச் செருப்பு கடித்துக் காலில் புண். சர்க்கரை உடம்பு. ரிப்பன் வெட்டுவதைப் பார்க்க இவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு போக வேண்டுமா என்று தயக்கமே இல்லாமல் படுத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே நிர்வாகத் தவறு அதுதான்.

மூன்று வாரத்தில் கால் விரல்கள் கறுத்துவிட்டன. பக்கத்து வீட்டில் தேனீ வளர்ப்பவர், எல்லோருக்கும் தேன்காரர், அந்தக் காலைப் படம் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

“நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள கொண்டு வந்தா ரெண்டு விரலோட போகும். அதைத் தாண்டினா முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். அதையும் தாண்டினா என்னைக் கேக்காதீங்க.”

ஆம்புலன்ஸ் அன்றைக்கே போனது. வண்டியை நிறுத்துமிடத்தில் போட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், வாகனங்களுக்கு மேலே அனுமதி இல்லை என்று கேட்டில் சொன்னார்கள். டிரைவருக்கு வேறு இரண்டு கேஸ் காத்திருந்தது. போய்விட்டார்.

ஆகவே தேன்காரர் அக்காவின் தம்பிக்குப் போன் போட்டார்.

தம்பி டவுனில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். செத்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது, டெர்மினலில் பூத்த பச்சையைச் சுரண்டுவது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது. சட்டையெல்லாம் ஆசிட் பட்டுப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. கடைத்தெருவில் அவரை ‘சரிங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்று வாங்கின பேட்டரி இன்றைக்குப் படுத்துவிட்டது, நீதான் கெடுத்தாய் என்று யாராவது வந்து கத்தினாலும் அவர் சொல்வது அதுதான். சண்டை என்றாலே அவருக்குப் பயம். எதையாவது ஒத்துக்கொண்டால் சண்டை நின்றுவிடும். நாற்பத்தெட்டு வருஷத்தை இப்படியே ஓட்டிவிட்டார், பெரிய சேதம் ஒன்றும் இல்லாமல்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மினி வேனோடு கேட்டுக்கு வந்து நின்றார். கேட்காரர் நீல உடுப்பில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“வருகையின் நோக்கம்?”

“எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போகணும்ங்க. கால் ரொம்ப மோசமா இருக்கு. நாலு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில சேக்கணும்.”

“மகிழ்ச்சி, மன அமைதி, புத்துணர்ச்சி. மூணுதான் சார் இருக்கு.”

“மூணுமே இல்லீங்களே.”

“ஒண்ணைத் தொட்டாத்தான் சார் அடுத்த பக்கம் போகும். புத்துணர்ச்சி போட்டுக்கலாமா? அது கொஞ்சம் மலிவு. மன அமைதிக்கு மேல்வரி உண்டு.”

“சரிங்க.”

அடுத்தது நிறுத்தக் கட்டணம். வண்டியை நிறுத்தப் போவதில்லை, ஏற்றிக்கொண்டு உடனே திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் பார்த்தார்.

“ஏத்துறதுக்கு நிறுத்துவீங்கல்ல?”

“ஒரு நிமிஷம்.”

“ஒரு நிமிஷங்கிறது உங்க வசதி சார். நிறுத்தம்னா நிறுத்தம்தான்.”

அதற்குப் பிறகு நடைக் கட்டணம். அதற்குப் பிறகு காட்சிக் கட்டணம். தான் எதையும் பார்க்கப் போவதில்லை, நேரே அக்கா வீட்டுக்குத்தான் என்று சரிங்க தயங்கித் தயங்கிச் சொன்னார். கேட்காரர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் அவர்கள் வண்டி ஓட்டக்கூடாது. சரிங்க அதற்கும் கட்டினார். ரசீதின் அடியில், ‘இயற்கை உங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று அச்சடித்திருந்தது.

மலையடிவாரத்தில் ஒரு பெரிய புல்வெளி இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் அவ்வளவு தூரம் வருவார்கள். வருகிறவர்களின் வண்டிகளை நிறுத்த இடம் வேண்டும் அல்லவா? புல்வெளிக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஓரத்தில் இரண்டு ஆள் உயரப் பலகையில் புல்வெளியின் படம் இருந்தது. குடும்பங்கள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. சரிங்க வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்.

பாதி வழியில் விசில் சத்தம். ஓடைக்கரையில் ஒரு காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சார், ஓடையைப் பாக்காம போறீங்க.”

“அவசரமா போறேங்க. அக்காவுக்கு உடம்பு சரியில்ல.”

“காட்சிக் கட்டணம் கட்டியிருக்கீங்கல்ல? பாக்காம போனா ஆடிட்டுல எங்களைத்தான் கேப்பாங்க. மூணு நிமிஷம் சார். வரிசையில நில்லுங்க.”

வரிசையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர் முறை வந்ததும் மூன்று நிமிஷம் ஓடையைப் பார்த்தார். சின்ன வயதில் அவரும் அக்காவும் குதித்துக் குளித்த ஓடை அது. இரண்டாம் நிமிஷத்திலேயே கிளம்பப் பார்த்தவரைக் காவலர் தோளைத் தொட்டு நேராக நிறுத்தினார்.

வீட்டுக்குப் போனபோது அக்கா கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு விரல்கள் கரிக்கட்டையாக இருந்தன. வாடை வாசலிலேயே வந்தது. முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

“வந்துட்டியா? நான் என்னமோ உன்னையும் நாலு பேர் தூக்கிட்டு வரணும்னு நெனச்சேன். ஏன்டா இவ்வளவு நேரம்?”

“ஓடையைப் பாத்துட்டு வந்தேன்கா.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தேன்காரர் தன்னுடைய தள்ளுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே போர்வையை விரித்துக் கொண்டுவந்தார். மாடுகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சரிங்க தள்ளிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் வந்தவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். அசல் கிராமத்து வாழ்க்கை என்று ஒருத்தி தன் பிள்ளைகளுக்குக் காட்டினாள். நல்லா பாத்துக்கோ, டிக்கெட் வாங்கியிருக்கேல்ல என்று அக்கா வண்டியில் படுத்தபடியே சொன்னாள்.

வெளியேறும் வழியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ரசீதுக்காரம்மா இருந்தாள். தங்கிய நேரத்தைக் கணக்குப் பார்த்து, கூடுதல் கட்டணம் இருந்தால் வசூலித்துவிட்டுத் தடுப்புக்கம்பியைத் தூக்குவது அவள் வேலை. சரிங்க தன் சீட்டை நீட்டினார்.

“ரெண்டு பேர் இருக்கீங்க. ஒரு சீட்டுதானே குடுத்திருக்கீங்க?”

“இவங்க இங்கேயே இருக்கிறவங்கம்மா.”

“இங்க இருக்கிற மத்த எல்லார்கிட்டயும் திறப்புவிழாச் சீட்டு இருக்கே சார். நேத்துகூடத் தேன்காரர் அதைக் காட்டித்தான் வெளிய போனாரு.” ரசீதுக்காரம்மா அக்காவை எட்டிப் பார்த்தாள். “எப்பம்மா உள்ள வந்தீங்க?”

“நான் உள்ள வரலையேம்மா. இங்கதான் பொறந்தேன்.”

“அது சரி. எந்த வழியா?”

“அதை எங்கம்மாகிட்டதான் கேக்கணும்.”

ரசீதுக்காரம்மா நல்ல பெண். முகம் சிவந்தாலும் விடாமல் கணினியில் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தாள். உள்ளே வந்த நேரம் போடாமல் வெளியே போகும் நேரம் போட முடியவில்லை. அந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை அக்கா உள்ளே வரவே இல்லை. உள்ளே வராத ஒருவரை வெளியே விடுவதற்கு அதில் பொத்தான் இல்லை. மணி பதினொன்று. அவர்களைக் கண்காணிப்பாளரிடம் அனுப்பினாள்.

கண்காணிப்பாளர் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அக்காவின் மனு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையும் அக்காவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்.

“அம்மா, நீங்களா அது! இந்த வாரியமே உங்க மனுவுலதாம்மா பொறந்துச்சு. புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு நாங்க முதல்ல இதைத்தான் காட்டுவோம்.”

“அப்ப எனக்குக் கதவைத் திறந்து விடுங்க.”

“திறந்துதாம்மா இருக்கு. நாங்க யாரையும் அடைச்சு வைக்கல. வெளிய போறதுக்கு எல்லாருக்கும் முழுச் சுதந்திரம் உண்டு. உள்ள வந்ததுக்கு ஒரு சின்ன அத்தாட்சி, அது மட்டும்தான் கேக்கிறோம். அதுகூட இல்லாம விட்டா, நாளைக்கு உள்ள வராதவங்க எல்லாம் வெளிய போக ஆரம்பிச்சிடுவாங்க.”

சரிங்க டாக்டர் சொன்ன நாலு மணியைப் பற்றிச் சொன்னார். கண்காணிப்பாளர் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தத்தோடு கணக்குப் போட்டார். பிறந்த தேதியை நுழைவுத் தேதியாக வைத்தால் ஐம்பத்து நாலு வருஷத் தங்கல் கட்டணம். அக்காவின் வீட்டை விற்றால் கட்டிவிடலாம். ஆனால் வீடு வாரிய எல்லைக்குள் இருப்பதால் விற்க முடியாது. அதுவும் போக, பிறப்பை நுழைவாகக் கருதலாமா என்று முடிவு செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. வாரியக் கூட்டத்துக்குத்தான் உண்டு.

“உங்க அதிர்ஷ்டம், மாசக் கூட்டம் இன்னிக்குத்தான். தலைவரே வர்றார். பன்னெண்டரைக்கு உங்களைத்தான் முதல்ல எடுக்கச் சொல்றேன்.”

“சரிங்க,” என்றார் சரிங்க. அக்கா அவர் கையைக் கிள்ளினாள். அவருக்கு அது உறைக்கவில்லை.

கூட்டம் ஒன்றேகாலுக்கு எழில் மண்டபத்தில் தொடங்கியது. மண்டபத்துக்கு மூன்று பக்கமும் பெரிய ஜன்னல்கள், மலை முழுவதும் தெரியும்படி கட்டியிருந்தார்கள். காட்சிக் கட்டணம் வாரிய உறுப்பினர்களுக்கும் பொருந்தும் என்று போன கூட்டத்தில் யாரோ கிளப்பிவிட்டதால் திரைகளை இழுத்து மூடி, விளக்குப் போட்டிருந்தார்கள். தள்ளுவண்டியை நடுவில் நிறுத்தினார்கள். தலைவர் எழுந்தார்.

“கிராமப்புறம் எல்லாருக்கும் சொந்தம். எல்லாருக்கும் சொந்தமானதை யாரும் சும்மா அனுபவிக்கக்கூடாது. இதுதான் நம்ம கொள்கை. நீங்க கேக்கலாம், தலைவர் மட்டும் வாராவாரம் குடும்பத்தோட வந்து பங்களாவுல தங்குறாரே, அவர் கட்டணம் கட்டுறாரான்னு. நான் அனுபவிக்க வரல, ஆய்வு பண்ண வர்றேன். என் பேரப்பிள்ளைங்க ஓடையில குளிச்சா அதுவும் ஆய்வுதான். எனக்கு ஒரு நாளாவது இங்க சந்தோஷம் வந்திருந்தா அன்னிக்கே ரசீது போட்டிருப்பேன்.”

கைதட்டினார்கள். சரிங்கவும் தட்டினார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். சட்ட ஆலோசகர், நுழைவு என்றால் நுழைய வேண்டும் என்ற எண்ணம் இருக்க வேண்டும், பிறக்கும் குழந்தைக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததாக நிரூபிக்க முடியாது, ஆகவே பிறப்பு நுழைவு ஆகாது என்றார். நிதி உறுப்பினர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறப்பு நுழைவுதான், அதுவும் சீட்டில்லா நுழைவு, அபராதம் போட வேண்டும் என்றார். ஆனால் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு இலவசம் என்பதால் முதல் ஐந்து வருஷத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டார். அப்படியானால் அவள் அம்மா கர்ப்பிணியாக உள்ளே இருந்த பத்து மாதத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று சட்ட ஆலோசகர் கேட்டார். அது உள் நிறுத்தம் என்றார் நிதி உறுப்பினர். இதைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார்கள்.

“ஐயா, நேரம் ஆகுதுங்க,” என்றார் சரிங்க. அவர் வாழ்நாளில் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து பேசியது அதுதான் முதல்தடவை.

தலைவர் அவரைக் கனிவோடு பார்த்தார். “அவசரப்பட்டு எடுக்கிற முடிவு தப்பாப் போகும் தம்பி. ஒரு பெண்ணோட கால் விஷயம். பொறுமையா செய்வோம்.” பிறகு மூக்கைச் சுளித்தார். “என்ன வாடை இது?”

“காலுங்க.”

“வாரிய எல்லைக்குள்ள இயற்கையான மணம் மட்டும்தான் இருக்கணும். வண்டியை வெளிய நிறுத்துங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம்.”

வெளியே நிறுத்தினார்கள். நின்ற இடத்துக்கு ஒருவன் வந்து நிறுத்தக் கட்டணம் கிழித்துக் கொடுத்தான். அக்காவுக்குக் காய்ச்சல் ஏறி, பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. கொட்டகை வாசலில் நிற்கும் காரை எடுக்கச் சொல்லி யாரையோ திட்டினாள். சரிங்க துண்டை நனைத்து அவள் நெற்றியில் போட்டார். அவருக்கு அழுகை வந்தது. அழுதால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று அடக்கிக்கொண்டார்.

இரண்டு மணிக்குக் கண்காணிப்பாளர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் ஒரு பிரகாசம்.

“சார், வழி கண்டுபிடிச்சுட்டேன். சாப்பிடும்போதுதான் தோணுச்சு. நுழைவுச்சீட்டு இல்லாம இங்கேருந்து வெளிய போற பொருள் ஒண்ணே ஒண்ணுதான். குப்பை. தினமும் லாரியில போகுது. யாரும் அதுகிட்ட எப்ப வந்தேன்னு கேக்கிறதில்ல.”

சரிங்கவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“சரிங்க.”

“பதினாலாம் நம்பர் படிவம். நீங்க ஒப்படைக்கிறவர். இங்க ஒரு டிக் போடணும். மட்கும் குப்பையா, மட்காததா?”

“புரியலீங்க.”

“நாளாவட்டத்துல மட்கிடுமான்னு கேக்குது.”

“எல்லாருமே மட்கிடுவோம்தானுங்களே.”

“அப்ப மட்கும். கீழ உறுதிமொழி அச்சடிச்சிருக்கு, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

மணி இரண்டேகால். சரிங்க படிக்கவில்லை. போட்டார்.

லாரி தயாராக நின்றது. ஆனால் பாதி கூட நிறையவில்லை. நிறையாத லாரியை ஓட்டினால் டீசல் விரயம் என்று விதி இருப்பதாக டிரைவர் சொன்னான். இந்த ஒரு சின்ன விஷயத்துக்கு ஓர் இயற்கைப் பாதுகாப்பு விதி குறுக்கே நிற்கிறதே என்று கண்காணிப்பாளரே நொந்துகொண்டார். அக்காவைப் போர்வையோடு லாரிக்குள் ஒரு மூலையில் படுக்க வைத்துவிட்டுச் சரிங்க குப்பை தேடி ஓடினார்.

அன்றைக்கென்று பார்த்து எங்கும் குப்பையே இல்லை. போட்டால் அபராதம் என்பதால் ஜனங்கள் பிளாஸ்டிக் பாட்டிலைக்கூடக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு திரிந்தார்கள். சரிங்க ஒவ்வொரு குடும்பமாகப் போய்க் கெஞ்சினார். “ஏதாவது இருந்தா போடுங்க. காலி பாக்கெட் இருந்தாலும் சரி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” இவர் மாறுவேடத்தில் வந்த பரிசோதகர் என்று நினைத்து அவர்கள் பாட்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். கடைசியில் வாரியத்துக் கடையிலேயே நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுகளை டஜன் கணக்கில் வாங்கி, உடைத்துக் கொட்டிவிட்டு, அட்டைப் பெட்டிகளையும் உறைகளையும் வாரிக்கொண்டு ஓடிவந்தார். ஏழு தடவை ஓடினார். லாரிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“இது என்ன வண்டிடா?”

“வாரியத்து வண்டிக்கா. கொஞ்ச நேரம்தான்.”

மேலும் ஒரு பெட்டியை அவள் பக்கத்தில் போட்டார். மூன்றரைக்கு லாரி கிளம்பியது. தடுப்புக்கம்பி உயர்ந்தது. ரசீதுக்காரம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள். ஆனால் குப்பைக் கிடங்கில் எடை போட்டு ரசீது வாங்கும் வரை குப்பை வாரியத்தின் சொத்து என்பதால் வழியில் இறக்க முடியவில்லை. சரிங்க மினி வேனில் லாரியின் பின்னாலேயே போனார். கிடங்கில் முன்னால் மூன்று லாரிகள் நின்றன. அக்கா ஆஸ்பத்திரிக்குள் போனபோது ஐந்தேகால்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஒன்றரை மாதம் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். சரிங்க கடையை அடைத்துவிட்டு வந்து தினமும் அவளுக்குச் சோறு ஊட்டினார், இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்து நடக்கப் பழக்கினார். தம்பி மட்டும் இல்லேன்னா செத்திருப்பேன் என்று அக்கா நர்ஸ்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும்போது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று, தன்னோடு வந்து இருக்கும்படி அவர் கூப்பிட்டுப் பார்த்தார்.

“என் வீடு இருக்கும்போது உன் வீட்டுல எதுக்குடா? மாடு ரெண்டும் என்ன ஆச்சோ. நேரா அங்க விடு.”

கேட்டில் அதே கேட்காரர். சரிங்க முன்னேற்பாடாக இரண்டு சீட்டுக்குப் பணம் எடுத்து வைத்திருந்தார். நோக்கம் என்று கேட்டதும், மகிழ்ச்சி என்றே போடச் சொன்னார். வீட்டுக்குப் போகிறாள் அல்லவா? கேட்காரர் அக்காவின் பெயரைத் தட்டினார். திரை சிவப்பாக மாறியது. அவர் மறுபடி தட்டினார். பிறகு எழுந்து போய்க் கண்காணிப்பாளரை அழைத்து வந்தார். கண்காணிப்பாளர் அக்காவின் ஊன்றுகோலைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்தார்.

“அம்மா, கேள்விப்பட்டேன். ரொம்ப வேதனையா இருந்துச்சு. ஆனா உள்ள விட முடியாதும்மா. வாரியத்துலேருந்து அகற்றின கழிவை யாரும் மறுபடி உள்ள கொண்டு வரக்கூடாது. கொண்டு வந்தா ஆறு மாசம் ஜெயில். சுற்றுச்சூழல் விஷயம், நாங்க இதுல விட்டுக்குடுக்கிறதே இல்ல.”

“கழிவா? எந்தக் கழிவு?” என்றாள் அக்கா.

“எங்க அக்கா குப்பை இல்லீங்க,” என்றார் சரிங்க.

“நான் எங்க சார் சொன்னேன்? நீங்கதானே சொல்லியிருக்கீங்க. வீட்டையும் ஆள் இல்லாத வீடுன்னு போன வாரம்தான் காட்சிக்குத் திறந்தோம். நல்ல கூட்டம். மாடு ரெண்டையும் நல்லாவே பாத்துக்கிறோம்.” கண்காணிப்பாளர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“அதை இங்க குடுங்க,” என்றாள் அக்கா.

சரிங்க கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அக்கா அதற்குள் வாங்கிவிட்டாள். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாளைத் தூரத்தில் பிடித்து, சத்தமாகவே படித்தாள்.

“‘மேற்படி பொருள் எனக்கோ பிறருக்கோ இனிப் பயன்படாது என்றும், நானே மனமுவந்து இதை ஒப்படைக்கிறேன் என்றும், எக்காலத்திலும் இதைத் திரும்பக் கேட்க மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.’”

கீழே இருந்த கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பில் அவர் கையைப் பிடித்து அந்தப் பெயரை எழுதப் பழக்கியவள் அவள்தான்.

“படிக்கலக்கா,” என்றார் அவர். “சத்தியமா படிக்கல. நேரம் ஆயிடுச்சுன்னு... உன் காலைக் காப்பாத்தணும்னுதான்கா...”

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்கலாம். அவள் தாளை இரண்டாக மடித்துக் கண்காணிப்பாளரிடம் திருப்பிக் கொடுத்தாள். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. வழியை விடச் சொல்லிக் கேட்காரர் கையைக் காட்டினார். சரிங்க ஓடிப்போய் வேன் கதவைத் திறந்தார்.

“என் வீட்டுக்குப் போலாம்கா. வா. நான் பாத்துக்கிறேன்.”

“எப்படிடா வர்றது?” என்றாள் அக்கா. “திரும்பக் கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டியே.”

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா ஏறவில்லை.